சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்

என் தங்கை ரூலீனின் புருஷன் லூபர்ட் ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவர். வாயால் சொன்னாலாவது காதைப் பொத்திக்கொள்ளலாம். இவர் எழுதிச் சொல்பவர். நெதர்லாந்தில் எங்கள் ஹோகவீன் ஊர் வட்டாரப் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் ‘எல்லைக்கு அப்பால்’ என்ற தலைப்பில், விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு யோசனை வழங்குவார். மேலே புகைப்படம் வேறு: வைக்கோல் தொப்பி, கையில் ஒயின் கோப்பை, உலகத்தையே கரைத்துக் குடித்துவிட்ட முகம். கோப்பையில் இருந்தது ஆப்பிள் சாறு. ஊற்றிக் கொடுத்தவள் நான்.

‘எல்லையைத் தாண்டியதும் வீட்டை மறந்துவிடுங்கள்’ என்று எழுதுவார். அதே வாரம், காருக்குப் பின்னால் அவர் இழுத்துப்போகும் கேரவன் வண்டியில் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு ஏறும். பிரான்ஸில் உருளைக்கிழங்கு விளையாதா என்று கேட்டால், “விளையும். ஆனா அது வேற மாதிரி இருக்கும்” என்பார். ‘கூட்டத்தைத் தவிருங்கள்’ என்று எழுதுவார். ஜூலையில் நெதர்லாந்தே காலியாகிற அந்த ஒரு சனிக்கிழமையில்தான் கிளம்புவார். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையாமல் நிற்க, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு, பக்கத்துக் காரில் இருப்பவருக்கு மாற்றுப்பாதை சொல்லிக்கொடுப்பார். ‘உள்ளூர்க்காரர்களோடு பழகுங்கள்’ என்பதும் அவர் திருவாய்மொழிதான். வருஷா வருஷம் பிரான்ஸில் லோ நதிக்கரையில் அதே முகாம், அதே மரத்தடி, சுற்றிலும் எங்கள் நாட்டு அபெல்டோர்ன்காரர்களும் ஸ்வோலக்காரர்களும். அவர் பேசிப் பழகிய ஒரே பிரெஞ்சுக்காரர் முகாம் வாசலில் சீட்டுக் கொடுப்பவர். அவருக்கு டச்சு தெரியும்.

நான் இவர்களோடு விடுமுறைக்குப் போகிற ரகமில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்; தனியாக ரயிலேறிப் போய், தனியாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் திரும்பி வருவேன். அந்த வருஷம் மட்டும் போனதற்குக் காரணம் யோலைன்.

யோலைன் இவர்களுடைய ஒரே மகள். திராட்சை பறிக்க ஒரு மாதம் போகிறேன் என்று கிளம்பியவள் அந்த நதிப் பக்கமே தங்கிவிட்டாள். வாதுமைத் தோப்பு வைத்திருக்கும் ஆர்னோ என்ற பையனோடு குடித்தனம். அடுத்த செப்டம்பரில் கல்யாணம், அதுவும் அவர்கள் வீட்டுத் தோப்பிலேயே, மரங்களுக்கு அடியில் மேஜை போட்டு என்று ஆசைப்பட்டாள். தோப்பும் வீடும் ஆர்னோவின் அம்மா சொலாஞ்ச் பெயரில். அந்த அம்மாள் முடியாது என்று சொல்லவில்லை. “உன் ஆளுங்களை முதல்ல என் மேஜையில உட்கார வச்சுப் பார்க்கறேன். அப்புறம் பேசலாம்” என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதாவது, பெண்ணின் கல்யாணம் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு அழைக்கத்தான் யோலைன் முகாமுக்கு வந்தாள். லூபர்ட் அப்போது ரசமட்டத்தைக் கேரவன் தரையில் வைத்து, ஒரு சக்கரத்துக்கு அடியில் பலகை செருகிக்கொண்டிருந்தார்.

“அப்பா, சனிக்கிழமை எட்டு மணிக்கு அவங்க வீட்ல கூப்பிட்டிருக்காங்க. உங்க மூணு பேரையும்.”

“வந்துடுவோம். எட்டுன்னா எட்டு.”

“ஒரே ஒரு விஷயம்பா.” அவள் அவருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். “அன்னைக்கு ஒரு நாள் யாருக்கும் எந்த யோசனையும் சொல்லாதீங்க. அவங்க என்ன செய்யறாங்களோ அதையே நாமளும் செய்வோம். எனக்காக.”

“நான் என்னைக்கும்மா அப்படி இல்லாம இருந்திருக்கேன்? போன மாசம்தான் அதைப் பத்தியே எழுதினேன்.”

யோலைன் என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்துக் கூடாரத்து அபெல்டோர்ன்காரர், கக்கத்தில் கழிவறைக் காகிதச் சுருளை இடுக்கிக்கொண்டு போகிற போக்கில் நின்று, இன்று என்ன விசேஷம் என்று கேட்டார். லூபர்ட் சொன்னார். உடனே உரை ஆரம்பமாகிவிட்டது.

“எட்டு மணிக்குக் கூப்பிடறாங்கன்னா என்ன அர்த்தம்? ராத்திரிச் சாப்பாடெல்லாம் முடிஞ்சு, ஒரு காப்பி, ஒரு பிஸ்கட், கொஞ்சம் பேச்சு. இது தெரியாம நம்ம ஆளுங்க வெறும் வயித்தோட போய் நின்னு அந்த வீட்டுக்காரங்களைச் சங்கடப்படுத்துவாங்க. நான் எழுதியிருக்கேன் பாருங்க, ‘விருந்தாளி என்பவர் சுமை ஆகக்கூடாது.’”

எங்கள் ஊரில் அது சரிதான். ஆறு மணிக்கு வீட்டுக்கு வீடு சட்டி இறங்கும். அந்த நேரத்தில் எவனாவது வந்து நின்றால் வாசலிலேயே நிறுத்தி, “நாங்க இப்ப சாப்பிடப் போறோம்” என்று சொல்லி அனுப்பிவிடுவோம். எட்டு மணிக்கு வருகிறவருக்குக் காப்பி, டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட், அப்புறம் டப்பா மூடி அலமாரிக்குப் போய்விடும். ஆனால் இது ஹோகவீன் இல்லையே!

“லூபர்ட், இங்க எட்டு மணின்னா சாப்பாடு. முழுச் சாப்பாடு. பசியோட போகணும்” என்றேன்.

“டீச்சரம்மா, நீங்க புத்தகத்துல படிச்ச பிரான்ஸ் வேற. நான் வருஷா வருஷம் வந்து பார்க்கற பிரான்ஸ் வேற.”

“எங்க பார்த்தீங்க? வாசல்ல சீட்டுக் கொடுக்கறவன் வீட்டுலயா?”

“சாப்பாடா இருந்தா ‘சாப்பிட வாங்க’ன்னு சொல்லியிருப்பாளே எம் பொண்ணு. ‘எட்டு மணிக்கு’ன்னு மட்டும்தானே சொன்னா? நீ சொல்லு ரூலீன்.”

என் தங்கை ஏற்கெனவே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “அவருக்குத் தெரியாததா அக்கா” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லும் ஒரே வாக்கியம் அதுதான். யோலைனிடம் தொலைபேசியில் கேட்டுவிடலாம் என்றேன். “அவ மாமியார்கிட்ட போய், என் அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு காட்டிக்கணுமா?” என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். நானே கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை, அடுப்படியில் சொலாஞ்சுக்குக் கூடமாட வேலை செய்துகொண்டிருந்தாளாம், பிறகு சொன்னாள்.

ஆறு மணிக்குக் கேரவனுக்குள் வெயில் பொரித்தெடுத்தது. அந்தக் கொதிப்பில், கீரை போட்டுக் கடைந்த உருளைக்கிழங்கு மசியல், நடுவில் குழி வெட்டி அதில் குழம்பு, பக்கத்தில் ஆளுக்கொரு புகையூட்டிய தொத்திறைச்சி. பனி கொட்டும் ஜனவரியில் சாப்பிட வேண்டியது. லூபர்ட் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார்.

“நீங்க சாப்பிடல?”

“பசியோட போறேன்.”

“போங்க. அங்க வயிறு கத்தினா எங்க மானம்தான் போகும்” என்று தொத்திறைச்சியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

எட்டடிக்கச் சரியாக வாசலில் நின்றோம். அதுவே முதல் தப்பு; இங்கே பத்து நிமிஷம் பிந்திப் போவதுதான் மரியாதை. சொலாஞ்ச் அப்போதுதான் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். உயரமான பெண்மணி, கணவரை இழந்து தோப்பைத் தனியாகக் கட்டி ஆள்கிறவள். லூபர்ட் கையிலிருந்த பரிசை நீட்டினார். எங்கள் ஊர்க் காப்பித்தூள், ஒரு பொட்டலம். “இங்க காப்பி தார் மாதிரி இருக்கும், அதான்” என்றார். யோலைன் அதை, “எங்க வீட்ல தினமும் குடிக்கறது, நீங்களும் ருசி பார்க்கணும்னு ஆசை” என்று பிரெஞ்சில் மாற்றிச் சொன்னாள். பெண் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

பின்பக்கம் மரத்தடியில் நீள மேஜை. இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பு. ஆளுக்கு மூன்று கோப்பை, தட்டுக்கு இரண்டு பக்கமும் முள்கரண்டியும் கத்தியுமாக வரிசை. அதைப் பார்த்ததுமே ரூலீன் என் முழங்கையைப் பிடித்தாள். லூபர்ட் மட்டும் நிதானமாக உட்கார்ந்து, தொடையில் கை வைத்து, “ஒரு காப்பி கிடைச்சா போதும்” என்றார்.

யோலைன் மொழிபெயர்க்கவில்லை. “அப்பா, காப்பி கடைசியில வரும்” என்றாள் சன்னமாக.

முதலில் முலாம்பழமும் உலர்த்திய பன்றி இறைச்சியும் வந்தன. அது இறங்கிவிட்டது. அடுத்து வாதுமைப் பருப்பு தூவிய பச்சிலைகள், மேலே வாத்தின் இரைப்பை வறுவல். லூபர்ட் இரண்டு இலையை மென்று முள்கரண்டியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு சொலாஞ்ச் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள், காலையிலிருந்து அடுப்பில் வெந்த ஆட்டுத் தொடை. கூடவே வெள்ளை மொச்சை, தக்காளி, பூண்டு. வாசனையில் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முதல் துண்டை, நல்ல துண்டை, அவள் லூபர்ட்டின் தட்டில் வைத்தாள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் வேர்த்து விறுவிறுத்து அந்தத் துண்டைப் பார்த்தார்.

“யோலைன், என்னால ஆகாது. அவங்ககிட்ட சொல்லிடு.”

யோலைன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சிரித்த முகத்தோடு, “அப்பாவுக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல. வெயில் ஒத்துக்கல” என்று பிரெஞ்சில் சொன்னாள்.

“அடடா!” சொலாஞ்ச் பதறிவிட்டாள். “முன்னாடியே சொல்லக்கூடாதா? ஆர்னோ, அந்த மூலிகைக் கஷாயத்தைக் கொதிக்க வை. இவருக்கு நான் தெளிவா ஒரு சூப் வச்சுத் தரேன்.” லூபர்ட்டின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அங்கேயே எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நோயாளியை யாருக்குத்தான் பிடிக்காது?

“என்ன சொன்னே?” என்றார் லூபர்ட்.

“ஒண்ணுமில்லப்பா.”

“வயிறுன்னு ஏதோ சொன்னியே. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு? பொய் எதுக்கு? நாம ஒளிவு மறைவு இல்லாத ஆளுங்க. மனசுல இருக்கறதை நேருக்கு நேர் சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

“லூபர்ட், வாயை மூடுங்க” என்றேன்.

மூடவில்லை. சொலாஞ்ச் பக்கம் திரும்பி, சுற்றுலாக் கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்த பிரெஞ்சை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “அம்மா. நான் நோய் இல்லை. நாங்கள் சாப்பிட்டோம். ஆறு மணி. கேரவனில். உருளைக்கிழங்கு.” கொஞ்சம் யோசித்து, தன் பத்தியில் அடிக்கடி வரும் ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டார். “முன்னெச்சரிக்கையாக.”

சொலாஞ்ச் அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

“முன்னெச்சரிக்கையாகவா?” என்று மகனைப் பார்த்துக் கேட்டாள். “என் வீட்டுச் சாப்பாட்டுக்கு முன்னெச்சரிக்கையா?” ஆர்னோ குனிந்துகொண்டான். அவள் பிறகு யோலைனிடம், ரொம்ப மரியாதையாக, “பரவாயில்லம்மா. எடுத்து வச்சுடறேன்” என்று லூபர்ட்டின் தட்டுக்குக் கையை நீட்டினாள்.

அந்த மரியாதைதான் எனக்குப் பயம் தந்தது. கோபித்துக்கொண்டால் சமாதானம் பேசலாம். இப்படி மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

யோலைன் சட்டென்று தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். “எடுக்காதீங்க. இது எனக்கு” என்றாள். தன் பங்கை முடித்துவிட்டு அப்பாவின் பங்கைத் தொட்டாள். நிமிரவேயில்லை. அறுத்து, மென்று, விழுங்கி, ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்து அதையும் வாயில் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததும் அதே தட்டில்தான் விழுந்தது. நான் ரூலீனின் தட்டை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பசியும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. இரண்டுமாகச் சேர்ந்து சாப்பிட்டேன். சொலாஞ்ச் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த லட்சணத்தில் நம் அறிஞர் என்ன செய்தார்? பாலாடைக்கட்டித் தட்டு வருவதற்குள், எங்கள் ஊரில் விருந்தாளி கிளம்பும்போது செய்வதுபோல, இரண்டு தொடையிலும் ஓங்கித் தட்டி, “சரி! அப்போ நாங்க கிளம்பறோம்!” என்று எழுந்துவிட்டார். சொலாஞ்சோடும் ஆர்னோவோடும் கை குலுக்கினார். வெளிச்சம் இன்னும் முழுசாக மங்கவில்லை. கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு அவர் நடக்க, பின்னால் ரூலீனும், அவளுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யோலைனும், அவளைத் தாங்கினாற்போல் நானும் போனோம்.

“நல்லா போச்சு” என்றார் லூபர்ட் காரருகில். “கொஞ்சம் அதிகமா சமைச்சுட்டாங்க. அதைத் தவிர நல்ல மனுஷங்க. நீ அவங்களுக்கு எடுத்துச் சொல்லணும், எட்டு மணிக்கு மேல இவ்வளவு இறைச்சி உடம்புக்கு...”

“அப்பா.”

“என்னம்மா?”

“கல்யாணம் இங்க நடக்குமான்னு எனக்குத் தெரியல. எங்கயாவது நடக்கும். மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். நீங்க ராத்திரி எட்டு மணிக்கு வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க.”

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இரண்டு வகை விருந்தாளிகள். உறவும் நெருங்கிய நட்பும் பகலில் வந்து, சடங்கைப் பார்த்து, சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். அலுவலகத்துக்காரர்களும் எதிர்வீட்டுக்காரர்களும் ராத்திரி வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து, ஒரு கோப்பை குடித்து, ஆடிவிட்டுப் போவார்கள். பெற்ற தகப்பனை ராத்திரி விருந்தாளியாகக் கூப்பிட்டவளை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

லூபர்ட் தலையாட்டினார். ஆமாம், தலையாட்டினார்! அவருக்கு ‘எட்டு மணி’யும் ‘சாப்பிட்டுவிட்டு’ம் காதில் விழுந்தன, அவ்வளவுதான்.

ரூலீனுக்குப் புரிந்துவிட்டது. “நான்?” என்று கேட்டாள்.

“நீ மத்தியானமே வாம்மா. பெரியம்மாவோட வா. பசியோட வா.”

“அப்போ ரெண்டு தடவை வண்டி எடுக்கணுமே” என்றார் லூபர்ட்.

ரூலீன் அவரைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அவரைப் பார்த்து “அவருக்குத் தெரியாததா” என்று சொன்னவள், இப்போது “ஏங்க, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல” என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சாவி சுழல்வது நின்றது. அவர் மகளைப் பார்த்தார். அவள் வாயோரம் ஒட்டியிருந்த குழம்பைப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் உள்ளே இறங்கியது. அவருக்காக எனக்குப் பாவமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முகம் அப்படி விழுந்துபோனதைப் பார்க்கத் திருப்தியாகவே இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு.

“எனக்கும் மத்தியானமே வரணும்” என்றார்.

“அதை என்கிட்ட சொல்லாதீங்க. உள்ள போய் அவங்ககிட்ட சொல்லுங்க. நான் மொழிபெயர்க்க மாட்டேன்.”

அவர் போனார். முதுகை நிமிர்த்திக்கொண்டு போகவில்லை. மேஜையில் சொலாஞ்ச் விரிப்பின் மேலிருந்த ரொட்டித் துகளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். லூபர்ட் அவளெதிரே போய் நின்றார். கையேட்டில் ரயில் நிலையத்துக்கு வழி கேட்கலாம், அறையில் கரப்பான் இருக்கிறது என்று புகார் செய்யலாம். இதற்கு வாக்கியம் கிடையாது. கடைசியில் தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். காலி இடத்தில் விரலை வைத்து, “தட்டு” என்றார். “தயவுசெய்து.”

சொலாஞ்ச் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்தாள். ஆறிப்போன ஆட்டுத் தொடையில் பெரிய துண்டாக அறுத்து வைத்தாள். நிற்காமல் எதிரிலேயே உட்கார்ந்து முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

நாங்கள் மூவரும் வந்து சேர்ந்தபோது அவர் மென்றுகொண்டிருந்தார். மசியலும் தொத்திறைச்சியும் தொண்டை வரை அடைத்திருக்கும் வயிற்றில் ஆட்டுக்கறி எங்கே போகும்? ஆனாலும் ஒவ்வொரு வாயாக உள்ளே தள்ளினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் எந்த யோசனையும் சொல்லவில்லை. யோலைன் அவருக்குப் பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தட்டு காலியாகும்வரை சொலாஞ்ச் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மரத்தை அண்ணாந்து பார்த்து, பிரெஞ்சில் சொன்னாள்: “செப்டம்பர்ல வெயில் இறங்கிடும். மேஜையை இந்த மரத்துலேர்ந்து அந்தக் கடைசி மரம் வரைக்கும் போட்டுக்கலாம்.”

யோலைன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லூபர்ட் என் பக்கம் திரும்பினார். கண்ணில் மிரட்சி.

“என்ன சொல்றாங்க?”

“இன்னொரு துண்டு வேணுமான்னு கேக்கறாங்க” என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தலையாட்டி, தட்டை நீட்டினார்.